கட்டுரைக்கு நடுவில் வந்த பொடி

எங்கள் மலையில் என் எழுத்தை விடாமல் படிக்கிற ஒரே ஆள் என் சித்தப்பா. மற்றவர்கள் "நீ இன்னாவோ போன்ல எழுதறியாமே" என்று கேட்பதோடு சரி. சித்தப்பா அப்படியில்லை. ஜீப் நிற்கும் வளைவில்தான் எங்களுக்கு சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே இருக்கும் குட்டைச் சுவரில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படிப்பார். அப்புறம் என்னைப் பார்க்கும்போது, "தேன் எடுக்கறத தப்பா எழுதிட்ட பாப்பா, பொக போட்டுட்டுத்தான் ஏறுவாங்க" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதில் இன்னும் எரிச்சலாக வரும்.

நான் எழுதுவது இணையத்தில் ஒரு கட்டுரைத் தளத்துக்கு. சாமை விதைப்பு, புளி உலுக்குவது, ஒரே ஜீப்பில் ஊரே தொற்றிக்கொண்டு போவது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுவேன். படிப்பவர்கள் பைசா கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வரும் விளம்பரங்களுக்குக் கிடைப்பதில் ஒரு பங்கு எனக்கு வரும். பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனாலும் எழுதிச் சம்பாதித்த காசு என்பதில் எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

சில மாதங்களுக்கு முன் தளத்தில் ஒரு புது ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் 'இந்த எழுத்தாளருக்குத் துணை நில்லுங்கள்' என்று ஒரு பொத்தான். விரும்புகிற வாசகர்கள் மாதாமாதம் அவர்களால் முடிந்ததைத் தரலாம். இருபது பேர் அப்படிச் சேர்ந்துவிட்டால் அந்த எழுத்தாளரின் பக்கங்களில் விளம்பரமே வராது. ஆனால் ஏன் கேட்கிறோம் என்று நாமே நம் வார்த்தையில் நாலு வரி எழுதிக் கொடுத்தால்தான் பொத்தான் தோன்றும். நான் எழுதிக் கொடுக்கவில்லை. நான் என்ன உண்டியலா, போகிறவர் வருகிறவரெல்லாம் போட்டுவிட்டுப் போக? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சாமைச் சோற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நன்றாக ஓடியது. அது வந்து இரண்டு மாதம் இருக்கும், சித்தி என் வீட்டுக்கு வேகவேகமாக வந்தாள்.

"உங்க சித்தப்பா காலப் பாத்தியா? புண்ணு ஆறவே மாட்டேங்குது. இன்னான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. சித்தப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, நாலைந்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"மாத்திரயா? நீதான வேணாம்னு எழுதியிருந்த. அத வுட்டுட்டு அந்தப் பொடியத்தான் துன்னுனு இருக்கறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே போனை எடுத்துக் காட்டினார். திறந்து வைத்த பக்கத்தை மூடாமலே வைத்திருந்தார். 'சாமைச் சோறு தின்றால் பசி மெதுவாகத்தான் எடுக்கும்' என்பது என் வரி. அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'சர்க்கரைக்கு இனி மாத்திரை வேண்டாம், இந்தப் பொடி ஒன்றே போதும்' என்று ஒரு வரி. பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத சாம்பல் நிறத்தில் 'விளம்பரம்'. அதற்குக் கீழே மறுபடியும் என் வரி: 'எங்கள் வீட்டில் காலங்காலமாக இதைத்தான் சாப்பிட்டு வருகிறோம்.'

என் போனில் அந்த இடத்தில் புடவை விளம்பரம்தான் வந்தது. சித்தப்பா எப்போதோ சர்க்கரையைப் பற்றி எதையோ தேடியிருக்கிறார், அதனால் அவருக்குப் பொடி வந்திருக்கிறது. எங்கள் மலைக்கு கூரியர் ஏறாது. அந்த டப்பாவை வாங்குவதற்காக ஜீப்பில் தொங்கிக்கொண்டு அடிவாரம் வரைக்கும் போய் வந்திருக்கிறார். வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டார். நம்ம பாப்பா எழுதியிருக்கிறாள் என்றுதான் போனார்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றியதே பெரிது என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று மட்டும் சொன்னார்.

"இனிமே நான் படிக்கல பாப்பா. எது உன் பேச்சு, எது அவங்க பேச்சுன்னு எனக்குப் புரியல."

தளத்தின் ஆசிரியர் சென்னையில் இருக்கும் ஒரு அம்மா. அவரைப் போனில் பிடித்துக் கத்தினேன். அவர் கத்தவில்லை. பொடி விளம்பரத்தைப் பற்றிப் புகார் கொடுத்து எடுக்க வைப்பதாகச் சொன்னார், இரண்டு நாளில் செய்தும் காட்டினார். "ஆனா நாளைக்கு வேற ஒண்ணு வரும்மா. எது வரும்னு எங்க கையில இல்ல. விளம்பரம் இல்லன்னா எங்க ஆபீஸ்ல அஞ்சு பேருக்குச் சம்பளம் இல்ல. அதனாலதான் அந்தப் பொத்தானையே கொண்டு வந்தோம். நீங்கதான் எழுதியே குடுக்கலையே" என்றார்.

அந்த நாலு வரியை எழுத மூன்று நாள் ஆனது. எப்படி ஆரம்பித்தாலும் கையேந்துகிற மாதிரியே வந்தது. கிழித்துப் போடத் தாள்கூட இல்லை, போனில் அழித்து அழித்து எழுதினேன். மூன்றாம் நாள் பக்கத்து நிலத்துக்காரி வாசலில் வந்து நின்று, "நாளைக்கு எங்க கொல்லையில சாம அறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். எங்கள் மலையில் வா என்று யாரும் கெஞ்ச மாட்டார்கள். அறுப்பு என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போவார்கள், முடிந்தவர்கள் அரிவாளோடு போவோம். அவர்கள் நம் கொல்லைக்கு வருவார்கள். சொன்னதை யாரும் பிச்சை என்று நினைப்பதில்லை.

நானும் அப்படியே எழுதினேன். விளம்பரத்தை என் பேச்சென்று நம்பி என் வீட்டு மனிதர் ஒருவர் ஒரு விரலை இழந்தார் என்றும், இந்தப் பக்கத்தில் என் பேச்சு மட்டும்தான் இருக்க வேண்டும் என்றும் எழுதி, கடைசியில் 'எங்கள் கொல்லையில் அறுப்பு' என்று முடித்தேன்.

முதல் வாரம் மூன்று பேர். ஒருவர் 'மனசு கஷ்டமாக இருந்தது, இந்த மாதம் ஐம்பதுதான் முடியும்' என்று எழுதியிருந்தார். முகம் தெரியாத அந்த ஆளை எனக்குக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்புறம் பதினொன்றில் நின்றது. தினம் வளைவுக்குப் போய்ப் பார்ப்பேன், பதினொன்று. என்ன எழுத்து, என்ன வாசகர் என்று சலித்துப் போனது. புளி உலுக்கும் காலம் வந்தபோது எப்படியோ ஒவ்வொருவராகச் சேர்ந்து இருபது ஆனது. மறுநாள் சாமைக் கட்டுரையைத் திறந்தேன். என் இரண்டு வரிகளும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, நடுவில் எதுவும் இல்லாமல் இருந்தன.

சித்தப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வளைவுக்கு வருவார், ஜீப் பார்க்க. பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினேன். "நடுவுல எதுவும் வராது சித்தப்பா. எல்லாம் நான் எழுதினதுதான்" என்றேன். வாங்கிக்கொண்டார். முழுதும் படித்தார். அடியில் இருந்த அந்த நாலு வரிக்கு வந்ததும் நிறுத்தினார். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது நீ எழுதனதா, அவங்க போட்டதா?"

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

மறுபடியும் ஒருமுறை படித்தார். விரல் போன காலைத் தடவிக்கொண்டார். கோபமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். கோபம்தான்.

"மொகந்தெரியாத ஊருசனத்துக்கெல்லாம் அறுப்புன்னு சொல்லியிருக்க. எனக்கு இன்னாத்துக்குச் சொல்லல?"

என் கட்டுரையால் விரல் போனவரிடம் எந்த முகத்தோடு கேட்பது என்றுதான் சொல்லவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? அறுப்புக்குச் சொல்லாமல் விட்ட வீட்டோடு எங்கள் ஊரில் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

"தப்புதான் சித்தப்பா" என்றேன். "எங்க கொல்லையில அறுப்பு. வாங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் போனை எடுத்து, "எங்க அமுக்கணும், காட்டு" என்றார்.