ரோச் வீட்டுப் பெட்டியின் ஊளை

தூத்துக்குடிக் கொட்டகையில் பாதிப் படத்தில் சத்தம் நின்றுபோனால் ரோச் பர்னாந்தைத்தான் தேடுவார்கள். கப்பலில் தந்தி அறை எடுபிடியாக இருந்த காலத்திலேயே ரேடியோ வால்வுகளோடு பழகிய கை அது. ஊருக்கெல்லாம் சத்தத்தைச் சரிபண்ணுகிறவருக்கு வாய்த்த மனைவி விக்டோரியாவுக்குக் காது மந்தம்.

மகள் மரியசெல்வி கொழும்பில் வாழ்க்கைப்பட்டு நாலு வருஷம். ஒரு நடைகூட வரவில்லை. முதலில் யுத்தம், அப்புறம் பிள்ளைப்பேறு, இப்போது மாமியாருக்குச் சீக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொழும்பு ரேடியோவில் அவளுடைய கோயில் பாட்டுக்குழு பாடுகிறது, முதல் அடியை அவள்தான் தனியாக எடுக்கிறாள் என்று தோணிக்காரர் ஒருவர் சேதி சொன்னார்.

தாய்க்கும் கேட்க வேண்டுமே. கொட்டகையில் கழித்துப்போட்ட ஆம்ப்ளிஃபயரை ரோச் வீட்டுக்குத் தூக்கி வந்து ரேடியோவோடு இணைத்தார். எரிந்துபோயிருந்த டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாகப் பட்டாளத்துக் கழிவுச் சாமானில் கிடைத்த பெரிய ஒன்றைப் பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டார். வால்வுகள் சூடேறியதும் பெட்டி ஊளையிட்டது.

பக்கத்துக் கடை சிவனணைந்தபெருமாள் எட்டிப் பார்த்தார். "என்ன வே ரோச்சு, நரியப் பிடிச்சா உள்ள அடைச்சிருக்கீரு? மைக்கைத் தள்ளி வையும், நின்னுரும்."

"மைக்கே இல்ல வே. தள்ளி வைக்கணும்னா உம்மத்தான் வைக்கணும்."

ரோச் ரேடியோவிலிருந்து வரும் கம்பியைப் பிடுங்கினார். ஊளை நிற்கவில்லை. சத்தக் குமிழை அடியோடு குறைத்தார். அப்போதும் நிற்கவில்லை. அப்படியென்றால் கோளாறு குமிழுக்கு அப்பால். வெளியே போகிற சத்தத்தில் ஒரு துளியைப் அது கடந்து வந்த வால்வுக்கே திருப்பிவிட்டு, பெட்டியை அடக்கிவைப்பது அந்த ஆம்ப்ளிஃபயரின் அமைப்பு. ஆடுகிற தொட்டிலை எதிர்த்துப் பிடித்தால் அடங்கும், போகிற பக்கமே தள்ளினால் எகிறும். புது டிரான்ஸ்பார்மரின் இரண்டு முனைகளை அவர் தலைமாற்றிக் கட்டியிருந்தார். பிடிக்க வேண்டியது தள்ளிக்கொண்டிருந்தது.

அதைக் கண்டுபிடித்து மாற்றிப் பற்றவைப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. ஊளை அடங்கிற்று. ஆனால் ரேடியோவை மறுபடி இணைத்துக் குமிழைக் கூட்டினால் கொசுபோல ஒரு கீச்சு. உள்ளே ஒரு கம்பியை மூங்கில் குச்சியால் விலக்கினால் அதுவும் இல்லை, விட்டால் திரும்ப வந்தது. கம்பியைக் கழற்றிக் கட்ட நேரமில்லை. கொழும்பு பேச ஆரம்பித்துவிட்டது.

விக்டோரியா ஒலிபெருக்கியில் காதை ஒட்டிக்கொண்டாள். ரோச் குச்சியால் கம்பியை விலக்கிப் பிடித்தபடி பெட்டிக்குப் பின்னால் குந்தினார். கீச்சு வருகிறதா, வருகிறதா என்று பாட்டு முடிகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வரவில்லை.

"பாத்தியாளா! ஒரு ஊளை உண்டா?"

விக்டோரியா மெல்ல நிமிர்ந்தாள். "பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு. முத அடியில மூக்கடைச்சிப் பாடுதா. கவனிச்சீங்களா?"

ரோச் யோசித்துப் பார்த்தார். பாட்டு வந்தது தெரியும், போனது தெரியும். வராத கீச்சைத் தவிர வேறெதையும் அவர் கேட்டிருக்கவில்லை. பெட்டியில் அதற்குள் யாரோ சந்தை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் காதோரம் குனிந்து உரக்கக் கேட்டார். "எப்படிளா பாடுனா?"

"நீங்க இங்கனதான இருந்தீங்க?"

"இருந்தேன். நீ பாடிக் காட்டு."

விக்டோரியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "மூக்கடைப்போடயா?"

"அப்படியேதான் பாடு," என்று சொல்லிவிட்டு, ரோச் பெட்டியை அணைத்தார்.