ஊசி போட்ட நாலாம் நாள்

பிரான்சிலிருந்து வந்த அத்தையின் தோளில் ஒரு சின்ன வட்டப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கொரோனா ஊசி போட்ட இடம். நாலு நாளாகியும் அதைப் பிய்க்க மனம் வரவில்லையாம். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியதும் முதலில் அதைத்தான் காட்டினாள். "அங்க போடற புது ஊசிடா. இனிமே என்னை ஒண்ணும் அண்டாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, ஊசி போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. பிரெஞ்சுக் குடியுரிமைக்காரரைக் கட்டிக்கொண்டு போனவள் அங்கே கற்றது, பார்த்தவுடன் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பது. மில் தொழிலாளியான அப்பா ஒவ்வொரு முறையும் கூச்சத்தில் நெளிவார். ஆனால் அவள் வரும் நாளில் காலையிலேயே சவரம் செய்துகொள்வார். அன்றும் செய்திருந்தார். பஞ்சுத் தூசி அடைத்த நுரையீரல் அவருக்கு. ஊசியும் இன்னும் போட்டிருக்கவில்லை.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன். அந்த ஊசியில் இருப்பது வைரஸைக் கொல்லும் மருந்தல்ல, ஒரு செய்முறைக் குறிப்பு என்று தெரியும். நம் செல்கள் அதைப் படித்து, வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை மட்டும் செய்யும். வெறும் முள்ளால் நோய் வராது. குறிப்பு சில நாளில் கரைந்துவிடும். அந்த முள்ளை எதிரி என்று அடையாளம் கண்டு உடம்பு தன்னைத் தயார்செய்ய இரண்டு வாரமாவது ஆகும்; முதல் ஊசியில் அதுவும் அரைகுறைதான். நாலாம் நாளில் அத்தையிடம் இருந்தது தைரியம் மட்டும்தான்.

கொஞ்ச நாள் தள்ளி இரு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் கழித்து வந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கினேன். அவள் முகக்கவசத்தைக் கழற்றி, "அண்ணே, கன்னத்தக் காட்டு" என்றாள். அப்பா காட்டினார்.

மறுநாளே அத்தைக்குத் தொண்டை கரகரத்தது. அந்த வாரக் கடைசியில் அப்பா இருமத் தொடங்கினார். அது மில் இருமல் இல்லை என்பது அடுத்த அறையிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தை தேறிவிட்டாள். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. நேராகச் சுடுகாட்டுக்குப் போனோம்.

அத்தை இப்போதும் வருகிறாள். யாருக்கும் முத்தம் கொடுப்பதில்லை. போன மாதம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆவும்னு எனக்கு யாருமே சொல்லலடா. உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாது அத்தை" என்றேன்.

"அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா நீ விட்டிருப்பியா?" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.