மரக்காரர் வீட்டுக் கிளை

ஊரார் வீட்டு மரங்களுக்கெல்லாம் முடி திருத்திவிடுகிற மரக்காரர் வீட்டில், சொந்த மரம் மட்டும் பரட்டைத் தலையோடு நின்றது. தூங்குமூஞ்சி மரம். அதன் கிளை ஒன்று ஆள் தொடை கனத்துக்கு வளர்ந்து, பின் அறைக் கூரைக்கு மேலே கையை நீட்டிப் படுத்திருந்தது. அது தூக்கத்தில் புரண்டால் அடியில் இருக்கிற ஓடுகளின் கதி என்ன என்று மரக்காரரின் மனைவி இரண்டு மழைக்காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மரக்காரரிடம் பதிலுக்கா பஞ்சம்? துளிர் விடும் நேரத்தில் கை வைக்கக் கூடாது என்றார். துளிர் முற்றியதும், பூத்து முடியட்டும் என்றார். பூ உதிர்ந்து வாசலெல்லாம் கொட்டியதும், ரம்பத்தைச் சாணை பிடிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அது திரும்பி வர ஆன காலத்தைப் பார்த்தால் கப்பலில் ஏற்றித்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

உண்மை வேறு. சென்ற ஆண்டு ஒரு பங்களாத் தோட்டத்தில் இரண்டாவது கவட்டை வரை ஏறியவருக்குத் திடீரென்று கால் வெடவெடத்தது. மீசை முளைக்கும் முன்பே மரம் ஏறிய கால். கீழே பார்த்தார். தரை அவரை நோக்கி எழும்பி வருவதுபோல் இருந்தது. அடிமரத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பங்களா அம்மா கீழிருந்து என்னவென்று விசாரித்தபோது, மரத்தின் உடம்பைச் சோதிப்பதாக ஒரு போடு போட்டார். பிறகு வயிறு உரச வழுக்கி இறங்கி, இந்த மரத்துக்கு இப்போது வெட்டு ஆகாது, தண்டைச் சுற்றிக் குவித்து வைத்திருக்கிற மண்ணை விலக்கினாலே தேறிவிடும் என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா உருகிவிட்டாள். வெட்ட வந்தவரே வெட்ட வேண்டாம் என்று சொன்ன அதிசயத்தைத் தன் தோழிகளுக்கெல்லாம் அன்றே பரப்பினாள்.

அன்றிலிருந்து அவர் உயரமான கிளை எதையும் தொடவில்லை. வேலி கத்தரித்தார். கன்று நட்டார். மரத்தடியில் சருகு பரப்பி, அது தண்டை ஒட்டாமல் தள்ளிவிட்டார். உச்சியில் காய்ந்த கொப்பு ஒன்றைக் காட்டினால், அதில் பறவை குடியிருக்கிறது, பாவம் என்றார். ஏற முடியாதவருக்கு ஊர் பார்த்து, மரத்தின் மேல் இரக்கம் உள்ளவர் என்று பட்டம் கொடுத்தது. நல்ல பட்டம்தான். ஆனால் காரணம் என்னவென்று ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்தாலும் பட்டத்தோடு பிழைப்பும் கிழிந்துவிடும். மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

இந்த நிலையில் மகள் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல், அங்கே வீடு அமையும்வரை இங்கே. பின் அறையில் தொட்டில் போட்டார்கள், நேர் மேலே கிளை. அன்றோடு மனைவி கிளையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்பாடா என்று இருந்தது மரக்காரருக்கு. பேரன் பிறந்த பிறகும் மனைவியின் மௌனத்தை நம்புகிற மனிதர்.

மறு வாரமே வாசலில் ஓர் அலுமினிய ஏணி வந்து இறங்கியது. பின்னாலேயே ஏணிக்காரன். இந்தத் தொழிலுக்குப் புதியவன். மரக்காரரின் பழைய வாடிக்கைகள் சிலரை ஏற்கெனவே தன் பக்கம் இழுத்துக்கொண்டவன். ஏணி வைத்து ஏறுகிறவன் மரக்காரன் அல்ல, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் என்று அவனைப் பற்றி மரக்காரர் தெருத் தெருவாகச் சொல்லி வைத்திருந்தார்.

"அண்ணி வரச் சொன்னாங்க," என்றான் அவன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

மரக்காரர் விடுவிடென்று உள்ளே போனார். மனைவி தையல் இயந்திரத்தின் முன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா என்று தொடங்கினார்.

"உங்க ரம்பம் ஊர் சுத்திட்டு வரட்டும்," என்றாள் அவள், தலை நிமிராமல்.

மரக்காரருக்கு வாடிக்கையாளர்களில் ஒரு வகையைக் கண்டாலே ஆகாது. நாற்காலியை மரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கீழே இருந்தபடியே மேலே வெட்டுகிறவர்கள். 'தரை இன்ஜினியர்' என்று அவர்களுக்குப் பேர் வைத்து, வீட்டுக்கு வந்து நடித்தும் காட்டுவார். அன்று காலை அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். கயிற்றை அந்தக் கவட்டையில் போடாதே என்றார். தலைக்குத் தொப்பி எங்கே என்றார். கால் வைத்திருக்கிற கொப்பு காய்ந்தது என்றார். ஏணிக்காரன் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும்ணே" என்று சொல்லி, தன் இஷ்டப்படி செய்தான். பக்கத்து வீட்டு வாத்தியார் மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, காசு கொடுத்து உட்கார்ந்தவர்போல் ரசித்தார்.

ஏணிக்காரன் கிளையின் மேற்புறத்தில், தண்டை ஒட்டி ரம்பத்தை வைத்தான். மரக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"மேல இருந்து வெட்டினா பாதியிலேயே முறிஞ்சு, தண்டுத் தோலையும் உரிச்சுக்கிட்டு விழும்டா. முதல்ல கொஞ்சம் தள்ளி அடியில கீறு."

ரம்பம் நின்றது. ஏணிக்காரன் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான்.

"இவ்ளோ தெரிஞ்சவரு மேல வந்து வெட்டிக் காட்டுங்கண்ணே. நான் எறங்கி ஏணியப் பிடிச்சுக்கறேன்."

அவன் இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டான். வாத்தியார் மதில்மேல் இன்னும் கொஞ்சம் எம்பினார். வேறு வழி? மரக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். அந்த ஏணி இருக்கிறதே, சதிகார ஏணி. அவர் காலில் இருந்த நடுக்கத்தை வாங்கி, மரப்பட்டையில் தடதடவென்று தந்தி அடித்தது. ஏணிக்காரனுக்கு, வாத்தியாருக்கு, உள்ளே இருந்த மனைவிக்கு, மூன்று பேருக்கும் கேட்டது.

"அவர் ஏற மாட்டாரு," என்று ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது, பால் வாங்கிவரச் சொல்கிற அதே குரல். "ஏறத்தான உன்னைக் கூப்பிட்டேன்? பங்களா அம்மால்லாம் இவரைக் கூப்பிடறது ஏறிக் காட்டவா? பார்த்துச் சொல்ல. அவர் காட்டற எடத்துல வெட்டு, போதும்."

ஏணிக்காரன் ஏணியைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். அவன் கண்டுகொண்டான் என்பது மரக்காரருக்குத் தெரிந்தது.

"சரி அண்ணி," என்றான். பிறகு, "அடியில எவ்ளோ ஆழம்ணே?"

"கால்வாசி," என்றார் மரக்காரர், காலைப் படியிலிருந்து எடுத்தபடி.

அடியில் கீறி, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்ததும் கிளை கயிற்றில் தொங்கிற்று. மரக்காரர் கயிற்றைக் கைக்கு வாங்கி மெல்ல விட்டார். கடைசி நேரத்தில் கொஞ்சம் வழுக்கி ஓர் ஓடு உடைந்தது. அதை உடைத்தது ஏணி என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறார். மீதிக் கட்டையை, தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல் புடைத்திருக்கிற வளையத்தைத் தொடாமல் அறுக்கச் சொன்னார். பெயின்ட் பூசவா என்றதற்கு, மரம் என்ன கதவா, தானே மூடிக்கொள்ளும் என்றார். முன் அறைக்கு மாற்றியிருந்த குழந்தை இத்தனைக்கும் அசையாமல் தூங்கியது. கிளையைவிடப் பெரிய தூங்குமூஞ்சி.

சாயங்காலம் பின் அறையில் என்றுமில்லாத வெளிச்சம். தொட்டில் பழைய இடத்துக்கு வந்தது. மரக்காரர் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, பட்டன் டப்பாவை மூடித் திறந்து மூடினார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மரம் ஏறினா உங்க சட்டையில ஒட்டற பிசினை எடுக்க வாங்கி வச்ச மண்ணெண்ணெய் ஒரு வருஷமா அப்படியே இருக்கு. நான் என்ன கண்ணில்லாதவளா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா, பறவை இருக்குன்னு சொல்வீங்க."

அதற்குள் கைபேசி அடித்தது. அவள் எடுத்தாள். வழக்கமாக அவர் மரத்தின் மேல் இருப்பதாகச் சொல்லுகிறவள், அவர் இதோ எதிரில்தான் இருக்கிறார், நாளைக்கு வந்து மரத்தைப் பார்த்துச் சொல்லுவார், ஏறுகிற ஆள் கூடவே வரும் என்றாள். வைத்ததும், ஏணிக்காரன் எப்போது இதற்கு ஒப்புக்கொண்டான் என்று கேட்டார் மரக்காரர்.

"காலையில போய்க் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் இயந்திரத்தை மிதித்தாள்.

அவர் பட்டன் டப்பாவை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"தொப்பி போட்டுக்கிட்டு வரச் சொல்லு அவனை," என்றார்.