ஒரு வளைவுக்காகப் பதினான்கு மாதம்

இந்த நாட்டில் ஹாரன் என்பது வசவு. நான் இங்கிலாந்துக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. இதுவரை நான்கு முறைதான் ஹாரன் சத்தம் கேட்டிருக்கிறேன், அதில் மூன்று என்னைப் பார்த்து அடித்தது. தேனி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு லாரி கிளம்பிக் கம்பம் ரோட்டைப் பிடிப்பதற்குள் அடிக்கிற ஹாரனை இங்கே கொண்டுவந்து பங்கு வைத்தால் ஒரு ஜில்லாவுக்குப் பத்து வருஷம் வரும். நம் ஊரில் ஹாரன் என்பது நலம் விசாரிப்பு. இங்கே சத்தமில்லாமல் ஓட்டுகிறார்கள், சத்தமில்லாமல் கோபப்படுகிறார்கள், சத்தமில்லாமல் விவாகரத்தும் செய்துகொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் சனிக்கிழமையானால் ஊருக்கு வெளியே, யுத்தம் முடிந்ததும் கைவிடப்பட்ட விமானத் தளம் ஒன்றுக்குப் போய், தலையில் ஹெல்மெட் மாட்டி, தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் உட்கார்ந்து, காது கிழிய வட்டமடிக்கிறார்கள். அந்த வாகனத்துக்குக் கோ-கார்ட் என்று பெயர். கூரையில்லை, கதவில்லை. இரும்புக் குழாயில் ஒரு சட்டம், நான்கு குட்டிச் சக்கரம், இடுப்போரத்தில் ஓர் இன்ஜின். பேரப்பிள்ளை எடுத்த ஆட்கள் அதில் ஏறி உட்காரும்போது முகத்தில் வருகிற கம்பீரத்தைப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலை நண்பர்கள் ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார்கள். என் பெயர் குணசேகரன் என்பதால் அவர்கள் என்னைக் 'கஸ்' என்று கூப்பிடுகிறார்கள்; இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவதாக வந்தேன். ஸ்டோர் கீப்பரின் மாமியார் என்னை இரண்டு முறை முந்தினார். இரண்டாவது முறை கையை வேறு அசைத்தார். நாகரிகமான மனிதனாக நானும் பதிலுக்குக் கையசைத்தேன். வண்டி போய் டயர் அடுக்கில் முட்டி நின்றது. எழுந்து நின்றபோது என் மனக்கண்ணில் தெரிந்தது அந்த அம்மாளின் முகமல்ல. என் தாய்மாமன் மகன் தவமணியின் முகம்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகிற ரோட்டை ஒட்டியிருக்கிறது எங்கள் ஊர். மலையிலிருந்து இறங்குகிற ரோடு ஊருக்குள் நுழையுமுன் நீளமாக ஒரு சரிவு, அதன் அடியில் இடது பக்கமாக ஒரு கடும் வளைவு, வளைவைத் தாண்டினால் டீக்கடை. அறுபதுகளில் எங்களுக்கு அதுதான் பந்தயக் களம். தேனி லாரி பட்டறைகளில் தேய்ந்துபோய்த் தூக்கியெறிகிற பேரிங்குகளைப் பொறுக்கிவந்து, ஒரு பலகைக்கு அடியில் சக்கரமாக மாட்டுவோம். முன்கட்டை இரண்டு பக்கமும் திரும்பும். அதில் கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் கிடையாது, பிரேக் கிடையாது. மாட்டுப்பொங்கலன்று மத்தியானம் ஊரே டீக்கடை முன்னால் நிற்கும். எனக்குப் பதினாறு வயது, தவமணிக்குப் பதினெட்டு. வளைவு வரைக்கும் நான்தான் முன்னால். குறுக்கே எருமை வந்தது, கல் கிடந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். எதுவும் வரவில்லை. பயம் வந்தது. இரண்டு காலையும் ரோட்டில் ஊன்றிவிட்டேன். தவமணி என்னைத் தாண்டிப் போகும்போது, "ஏலே பிரேக்கு! வீட்டுக்குப் போயிப் பால் குடிலே!" என்று கத்தினான். ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் பெயர் செத்தது.

பட்டப்பெயர் விஷயத்தில் எங்கள் பக்கத்துச் சட்டம் கடுமையானது. வைத்தவனே எடுக்க வேண்டும்; வைத்த இடத்திலேயே, வைக்கும்போது பார்த்த ஊர் பார்க்க எடுக்க வேண்டும். அதுவரை கலெக்டரே ஆனாலும் அவன் பிரேக்குதான். என் கல்யாணத்தில் மைக்கில், "மாப்பிள்ளை பிரேக்கு மேடைக்கு வரவும்" என்று மரியாதையோடு அழைத்தார்கள். என் மனைவி ஆண்டிபட்டிக்காரி. பிரேக்கு என்றதும் மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ரெண்டு லாரியாவது இருக்கும் என்று நம்பித்தான் தலையை ஆட்டினாளாம். என் அப்பா செத்த அன்று ஓடிப்போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்ற கிழவர், "பிரேக்கு வந்துட்டாக, இனித் தூக்கலாம்" என்றார். போன லீவில் என் மகளைக் காட்டி டீக்கடைக் கருப்பையா, "பிரேக்கு மகளா? மூக்கு அப்படியே இருக்கு" என்றபோதுதான், இது பரம்பரைச் சொத்தாகப் போகிறது என்று தெரிந்தது. நான் செத்தால் கரியில் எழுதி ஒட்டுகிற காகிதத்திலும் அதுவே இருக்கும். அதற்குள் எடுத்தாக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போனேன். தளத்தை நடத்துகிறவள் மோரீன், கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கவிட்ட, ஐம்பதைத் தாண்டிய பெண்மணி.

"யாரோடு போட்டி?" என்றாள்.

"என் மாமா மகனோடு."

"குடும்பத்தோடு விளையாடுவதா! எவ்வளவு அழகு!"

"அழகில்லை. ஊர் பார்க்க அவனை அவமானப்படுத்த வேண்டும்."

மோரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த நாட்டில் உண்மையைச் சொன்னால் நகைச்சுவை என்கிறார்கள். நகைச்சுவை சொன்னால் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள்.

பதினான்கு மாதம். மழை, பனி, மூக்கு உறைகிற காற்று எதற்கும் ஒரு சனிக்கிழமையை விட்டதில்லை. முதல் மாதம் முழுக்க என் வலது காலும் இடது காலும் ஒன்றையொன்று நம்பவில்லை. ஒன்று வேகத்தை அழுத்த, மற்றது பிரேக்கை அழுத்த, வண்டி பம்பரமாகச் சுற்றியது. வட்டம் முழுவதையும் ஒரே நாளில் கற்க நினைக்காதே, ஒரு வளைவை எடுத்துக்கொள் என்றாள் மோரீன். எடுத்துக்கொண்டேன். நான் கேட்டது இடது வளைவு, சரிவில் இறங்குவது. அதே வளைவை ஒரு நாளில் முப்பது முறை. எங்கே மோதுவோமோ என்று எதைப் பார்க்கிறாயோ வண்டி அங்கேதான் போகும், அதனால் வெளியேறப் போகிற இடத்தைப் பார் என்றாள். பிரேக்கை வளைவுக்குள் போடாதே. நேர்கோட்டில் போகும்போதே அழுத்தமாகப் போட்டு, விட்டுவிட்டு, பிறகு திருப்பு. வெளி ஓரத்திலிருந்து வா, உள் ஓரத்தைத் தொடு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போ. பிரேக் போடத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான் என்று அவள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியவில்லை.

பயிற்சி வீட்டுக்கும் பரவியது. சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு, ரொட்டி அலமாரி முனையில் வெளி ஓரம் பிடித்து, உள் ஓரம் தொட்டுத் திரும்புவேன். "இங்கன என்ன தேரா இழுக்குறீக? முட்டை இருக்கு வண்டில!" என்பாள் மனைவி. முட்டைகள் ஒன்றுகூட உடையவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எட்டாவது மாதத்தில் ஸ்டோர் கீப்பரின் மாமியாரை முந்தினேன். கையசைக்கவில்லை. நான் பெரிய மனிதன். ஹாரன் இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

லீவில் ஊருக்குப் போய் இறங்கிய மறுநாளே டீக்கடையில் சவால் விட்டேன். தவமணி இப்போது தேனியில் டயர் கடை வைத்திருக்கிறான். வயிறு அவனுக்கு முன்னால் நடக்கிறது.

"ஏலே மாப்ள, ஒனக்கு நாப்பது தாண்டிருச்சுல்ல? இன்னுமாலே பேரிங் வண்டி?"

"பயமா மச்சான்?"

டீ கிளாஸ்கள் நின்றன. கருப்பையா, "பயமான்னு கேக்காகப்பா பிரேக்கு" என்று எடுத்துக்கொடுத்தார். தவமணி எழுந்தான்.

"சரிலே. ஆனா அப்ப எப்படியோ அப்படித்தான். செருப்பு, பூட்ஸு எதுவும் கூடாது. வெறுங்கால்."

"நான் ஜெயிச்சா பேரை எடுக்கணும். இங்கனயே, எல்லாரு முன்னாலயும்."

"எடுக்கேன். ஜெயி மொதல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பேரிங் வண்டியோடு சரிவின் உச்சிக்கு ஏறினோம். அங்கே இரண்டு பேர் துண்டை வீசிப் பஸ்ஸை நிறுத்தினார்கள். பஸ்ஸிலிருந்தவர்கள் திட்டுவதற்கு இறங்கி, விஷயம் கேட்டு, வேடிக்கைக்கு நின்றார்கள். சரிவில் அவன் எடை அவனை முன்னால் கொண்டுபோனது. நான் அவன் முதுகைப் பார்க்கவில்லை; வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தேன். வளைவுக்கு முன்னால், ரோடு நேராக இருக்கும்போதே, வலது ஓரத்துக்குப் போய் இடது குதிகாலை ரோட்டில் வைத்து அழுத்தினேன். "போட்டாம்யா பிரேக்கு!" என்று ஒரு குரல். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரித்து முடிப்பதற்குள் காலை எடுத்தேன், கயிற்றைச் சுண்டினேன், உள் ஓரத்தைத் தொட்டேன். தவமணி வாழ்நாளில் பிரேக் போட்டதில்லை. அது அவன் பெருமை. பதினெட்டு வயது உடம்பைத் திருப்பிய வளைவு இந்த உடம்பைத் திருப்பவில்லை. அவன் நேராகப் போய் ரோட்டோர வாய்க்காலுக்குள் 'சளக்'கென்று இறங்கினான். நான் டீக்கடையைத் தாண்டிப்போய் நின்றேன். அந்தச் 'சளக்' சத்தம், இத்தனை வருஷத்தில் நான் கேட்ட எந்தச் சங்கீதத்தையும் விட இனிமையானது. திரும்பி நடந்துவந்து வாய்க்கால் கரையில் நின்று ஆற அமரப் பார்த்தேன். கை கொடுக்கவில்லை.

தவமணி சேறு சொட்ட ஏறிவந்தான். முகத்தைத் துடைத்தான். ஊரைப் பார்த்து, "இன்னையிலருந்து இவுகள யாரும் பிரேக்குன்னு கூப்புடக் கூடாது. இவுக ஜெயிச்சுட்டாக" என்றான்.

"பெறகு எப்படிண்ணே கூப்புடறது?" என்றார் கருப்பையா.

தவமணி என்னை மேலும் கீழும் பார்த்தான். "சார்னு கூப்புடுங்க."

அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். "வாங்க சார்" என்று கருப்பையா வீட்டுக்குள்ளிருந்து ஒரு நாற்காலி எடுத்துவந்து தனியாகப் போட்டார். எங்கள் ஊரில் சார் என்றால் தாலுகா ஆபீஸிலிருந்து வருகிறவர், பேங்கிலிருந்து வருகிறவர், வழி கேட்கிறவர். பெஞ்சில் ஒருவரையொருவர் 'ஓட்டைப்பல்', 'அரைப்படி' என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்; நான் வாயைத் திறந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் தவமணியின் கடைக்கே போனேன்.

"மச்சான், பழைய மாதிரியே கூப்பிடு."

"அது எப்படிங்க சார்? ஊரு முன்னால எடுத்த பேரு. பேச்சுன்னா பேச்சு."

"ஏலேன்னாவது சொல்லு."

"ஐயையோ, ஒங்களயா?" என்றவன், "உக்காருங்க, கலரு சோடா சொல்லட்டுமா?" என்று கேட்டான். அது மரியாதையா, பழியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பழி என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். மரியாதை என்றால் தாங்காது.

திரும்பி வந்ததும் மோரீன் கேட்டாள், ஜெயித்தாயா என்று. ஜெயித்தேன் என்றேன். உன் மாமா மகனுக்குச் சந்தோஷமா என்றாள். இருக்கும், சார் என்று கூப்பிட்டே என்னை ஊரை விட்டுத் துரத்திவிட்டானே என்றேன். சிரித்தாள். மறுபடி எதற்குப் பயிற்சி என்றாள். அடுத்த லீவில் தோற்பதற்கு. ஊர் சந்தேகப்படாமல், அதே வளைவில், அசிங்கமாகத் தோற்க வேண்டும் என்றேன். அதற்கும் சிரித்தாள். ஆனால் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டாள்.

பூட்ஸைக் கழற்றினால் என் இடது குதிகாலில் ஓர் எட்டணா அளவுக்குப் பளபளவென்று புதுத்தோல் தெரிகிறது. குளிர் ஏறும்போது அந்த இடம் மட்டும் சுரீரென்கிறது. பழைய தோல் சின்னமனூர்ச் சரிவில், வளைவுக்கு முன்னால், தாரோடு தாராக ஒட்டிக் கிடக்கிறது. மேகமலைக்குப் போகிற பஸ்கள் தினமும் அதன்மேல் ஏறி இறங்கி, ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புகின்றன. மிச்ச ஆள் இங்கே சாக்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.