கடுகு வெடிக்காத வீடு

எழுபதுகளின் தொடக்கம். வடக்கே பெரியம்மை இன்னும் ஓயவில்லை. காரைக்கால் சுகாதாரத் துறையில் அம்மை குத்துவது என் வேலை. "லாரியில போய் வர்றவன் எவனாவது கொண்டாந்துடப் போறான். நெரவிப் பக்கம் வீடு வீடாப் பாரும்மா" என்று சுகாதார இன்ஸ்பெக்டர் அனுப்பினார்.

வீடு வீடாகப் பார்ப்பதாவது! எங்கள் தலையைக் கண்டாலே வாசலில் செருகிய வேப்பிலையை உருவி ஒளித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்ற பயம். ஆனால் வேப்பிலையை ஒளிப்பவர்கள்கூட, அம்மை கண்ட வீட்டில் தாளிக்கத் துணியமாட்டார்கள். அதனால் சமையல் நேரமாகப் பார்த்துத்தான் தெருவில் நடப்பேன். "மோப்பம் புடிக்கக் கிளம்பிட்டியா?" என்பார் இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் கடுகு வெடித்தது. ஒரு லாரி கிளீனர் வீட்டில் மட்டும் அடுப்பு புகைந்தது, தாளிக்கிற வாசனை இல்லை. கதவைத் திறந்தவள் அவன் மனைவி செல்வி. இடுப்பில் இன்னும் அம்மை குத்தாத கைக்குழந்தை.

"இங்க யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. போங்க."

உள்ளே அவன் வாழையிலையில் கிடந்தான். முகமெல்லாம் முத்து. குழந்தைக்கு உடனே குத்தினால் தப்பும், நாள் கடந்தால் இல்லை.

"புள்ளைக்கு மட்டும் குத்திடறேன், தங்கச்சி."

"ஆத்தா வந்து இருக்கிற வீட்ல ஊசியா? கோவிச்சுக்குவா. நீங்க பூ வேற வச்சிருக்கீங்க, தாளிச்சதத் தின்னுட்டு வந்திருப்பீங்க. உள்ள வராதீங்க."

போலீசோடு போகலாம் என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு நாள் பொறுங்க சார்" என்று கெஞ்சினேன். அன்று என் வீட்டிலும் தாளிக்கவில்லை. மறுநாள் காலை குளித்து, பூ வைக்காமல், பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் வாசலில் நின்றேன்.

"எங்க வீட்லயும் நேத்திலேருந்து தாளிக்கல, தங்கச்சி."

செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆத்தாள ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வரேன்" என்று உள்ளே போய்ப் புருஷன் காலடியில் விழுந்து கும்பிட்டாள். திரும்பி வந்து குழந்தையின் கையை நீட்டினாள்.

"குத்துங்க."

வாசலிலேயே உட்கார்ந்து குத்தினேன்.

கிளீனர் தழும்போடு பிழைத்தான். குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லை, குத்திய இடத்தில் ஒரே ஒரு கொப்புளம் எழும்பியது. என்னைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டிருந்த தெருப் பெண்களிடம் செல்வி அதைக் காட்டினாள். "ஆத்தா எம்புள்ளையத் தொட்டுட்டு மட்டும் போயிட்டா. நீங்களும் கையக் காட்டுங்கடி."

தெருவே கையைக் காட்டியது.

இப்போது ஊசி போடும் வேலைக்கு வரும் சின்னப் பெண்கள், மறுக்கிறவர்களிடம் என்ன பேசுவது என்று என்னைக் கேட்கிறார்கள். நானாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அதன்பின் எந்த வாசலில் மறித்தாலும், "ஆத்தா தொட்டுட்டு மட்டும் போயிடுவா, தாயி" என்றுதான் சொன்னேன். கதவு திறந்தது. சம்பளம் வாங்கியது நான், பிள்ளைகளைக் காப்பாற்றியது செல்வி.