கிரைண்டர் மோட்டரும் சம்பந்தியும்

எதையும் எறிய எனக்கு மனம் வராது. டென்மார்க்கின் விபோர்க் நகரில் எங்கள் வீட்டுக் கராஜில் பழைய மிக்ஸி இரண்டும் கல் தேய்ந்த கிரைண்டர் ஒன்றும் கிடந்தன. "இதுகளை எறியாட்டி ஒருநாள் உங்களை எறிஞ்சுபோடுவன்" என்பாள் மனைவி. காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

மகள் ஓகூஸ் நகரில் வேலை செய்கிறாள். டெனிஷ்காரப் பெடியன் ஒருவனை விரும்புவதாகச் சொன்ன அன்று, "எங்கடை ஆக்களிலை ஒருத்தனும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வசனம்தான். அன்றிலிருந்து தாயோடு தமிழ், என்னோடு டெனிஷ். பொய் சொல்வானேன், நெஞ்சு எரிந்தது. கலியாணத்துக்கு நாள் குறித்ததையும் டெனிஷில்தான் சொன்னாள். "அவருடைய அப்பாவோடு ஒரு நாளாவது இருந்து கதையுங்கள். அது எனக்குப் போதும்."

என்னத்தைக் கதைப்பது? என்னுடையது தொழிற்சாலை டெனிஷ். தூக்கு, இறக்கு, பிடி, நிறுத்து. அதற்கு மேல் நாக்குப் புரளாது.

சம்பந்தி பிரெடெரிசியாவில் இருக்கிறார். வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். கலியாணத்துக்கும் தானே காய்ச்சப் போகிறாராம். முளைகட்டிய பார்லியை உடைக்கும் ஆலையைக் கையால் சுற்றிச் சுற்றி அவருக்குத் தோள் போய்விட்டது என்று மனைவி கேள்விப்பட்டு வந்து சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. மிக்ஸி மோட்டர் பேய் பிடித்தது போலச் சுற்றும், சரிவராது. கிரைண்டர் மோட்டர் நிதானமானது. உளுந்தோடு மல்லுக்கட்டிப் பழகியது. அதைக் கழற்றிப் பலகையில் பூட்டி, பெல்ட் போட்டு, அவரை வரச்சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஆலையும் அண்டாவுமாக வந்து இறங்கினார். ஆலையின் இரண்டு உருளைகளுக்கும் நடுவில் விடவேண்டிய இடைவெளியை அவரே அளந்து வைத்தார். மோட்டரைப் போட்டேன். பார்லி அரைகுறையாக உடைந்து விழுந்தது. கோப்பி குடிக்க அவர் உள்ளே போன நேரம், மனுசன் அளவைப் பிழைவிட்டுவிட்டார் என்று நினைத்துத் இடைவெளித் திருகாணியை நன்றாக இறுக்கினேன். எங்கள் வீட்டில் அரைப்பதென்றால் மை போல அரைக்க வேண்டும். மீதி முழுவதும் மாவாக இறங்கியது. எனக்கு ஒரே புளுகம், மனம் துள்ளியது.

வெந்நீரில் ஊறவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்து அண்டாவின் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டும் வரவில்லை. உள்ளே களி. உமி முழுதாக இருந்தால்தான் சாறு வடியுமாம். அவர் ஆலையைக் குனிந்து பார்த்து, தான்தான் அளவைத் தவறவிட்டதாகச் சொல்லித் தலையைச் சொறிந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தப்பியிருப்பேன்.

"பிழை என்னுடையது" என்றேன். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே படித்த டெனிஷ் வசனம் அது. திருகாணியையும் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சத்தம் கேட்டு வந்த மனைவி அண்டாவை எட்டிப் பார்த்தாள். "துணியிலை போட்டுப் பிழிஞ்சாச் சரி. நில்லுங்கோ, வேட்டியைக் கொண்டுவாறன்."

என் பழைய பருத்தி வேட்டியில் களியைக் கொட்டி, ரப்பர் கையுறை மாட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்கினோம். பிடி. மெல்ல. இன்னும். விடாதே. சாறு கலங்கலாக இறங்கியது. இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. பின்னேரம் புறப்படும்போது மோட்டரைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். வேட்டியையும் கேட்டார். இரண்டையும் கொடுத்தேன்.

அவர் போனபின் மகள் தொலைபேசியில் வந்தாள். என்ன கதைத்தீர்கள் என்று டெனிஷில் கேட்டாள்.

"பெரிசா ஒண்டுமில்லை, பிள்ளை. பிழை என்ரை எண்டு சொன்னன். பிறகு பிடி, முறுக்கு, விடாதை. அவ்வளவுதான்."



"அது எனக்குக் காணும், அப்பா" என்று தமிழில் சொன்னாள்.