படகுக்குப் பின்னால் எழுந்து நின்றவர்கள்

முன்னால் பார்த்துப் படகு ஓட்ட வேண்டும், ஆனால் நடப்பதெல்லாம் பின்னால்தான் நடக்கும். இதுதான் என் தொழில்.

வேக்போர்டிங் என்று பெயர். ஒரு பலகையில் இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு, படகு இழுக்கும் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்தபடி, படகு கிளப்பும் அலைமேல் வழுக்கிப் போகும் விளையாட்டு. துபாய்க் கடலில் பல வருஷம் இதற்குப் படகு ஓட்டினேன். ஊர் திரும்பிய பிறகு, சனி ஞாயிறுகளில் காரைக்குடிப் பக்கத்துக் குடும்பங்களையும் நண்பர் கூட்டங்களையும் தொண்டிப் பக்கம் கடலுக்கு அழைத்துப்போகிறேன். என் மனைவி செல்வியும் கூட வருவாள். படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, பலகையில் நிற்பவர் காட்டும் சைகையை எனக்குச் சொல்வது அவள் வேலை.

இருட்டு பிரியும்போது அமராவதிபுதூரிலிருந்து கிளம்பினால், தேவகோட்டை தாண்டும்போது வெளிச்சம் வரும். கடலைத் தொடும்போது அலையே இருக்காது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. அந்த நேரத்தில் யாரைப் பார்த்தாலும் பாதித் தூக்கத்தில் நடக்கிற மாதிரிதான் இருக்கும். குடும்பத்தோடு கடலுக்குப் போய், காதில் தண்ணீரும் மணலுமாகத் திரும்பியவர் நீங்கள் என்றால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

விடாத பிடி

காரைக்குடியில் ஒரு வங்கி மேலாளர் தன் ஆபீஸ் நண்பர்களோடு வந்தார். நிதானமான மனிதர். எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். முழங்காலை மடக்கி உட்காருங்கள், கையை நீட்டியே வையுங்கள், நீங்களாக எழுந்திருக்க வேண்டாம், படகே தூக்கிவிடும், விழுந்தால் உடனே கைப்பிடியை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

படகு கிளம்பியது. மனிதர் அழகாக எழுந்தார், ஒரு கணம் நின்றார், குப்புற விழுந்தார். கைப்பிடியை மட்டும் விடவில்லை. ஏர் உழுகிற மாதிரி தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு வந்தார். "விடுங்க சார், விடுங்க சார்!" என்று செல்வி கத்த, நான் இன்ஜினை அணைத்தேன். தலை வெளியே வந்தது. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் வழிய, கைப்பிடியை நெஞ்சோடு அணைத்தபடியே சொன்னார்: "விட்டா நீங்க அப்படியே இலங்கைக்குப் போயிருவீகளோன்னு பயந்துட்டேன் தம்பி."

மாப்பிள்ளை பார்த்தது

கண்டனூரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்திருந்தார்கள். கல்யாணம் முடிந்த அடுத்த வாரம், ஊர் ஊராகப் பிரியும் முன் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கடலுக்கு வந்தார்கள். புதுமாப்பிள்ளை கோயம்புத்தூர்ப் பையன். வெளிநாட்டில் இதெல்லாம் செய்திருக்கிறேன் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாராம். தண்ணீரில் இறங்கியதும் அந்தக் கதை முடிந்தது. எழுந்திருப்பார், விழுவார். மறுபடி எழுந்திருப்பார், விழுவார். படகு நிறைய சிரிப்பு. அவரும் சேர்ந்து சிரித்தார், பாவம்.

மணப்பெண் மீனா படம் எடுக்கத்தான் வந்திருந்தாள். யாரோ கேலியாக, "நீயும் ஒருக்க நில்லேன்" என்றார்கள். அவள் போனைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, புது மஞ்சள் மாறாத தாலிக்கயிற்றை லைஃப் ஜாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டு இறங்கினாள். முதல் இழுப்பிலேயே நின்றுவிட்டாள். எப்படி என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. கண்ணை லேசாக மூடிக்கொண்டு, தண்ணீர்மேல் தூக்கத்தில் நடப்பவளைப்போல் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சூரியன் அப்போதுதான் மேலே ஏறியிருந்தது. மாப்பிள்ளை போனைக் கையில் வைத்திருந்தார், படம் எடுக்க மறந்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு பாக்கப் போனப்ப நான் சரியாவே பாக்கலைண்ணா."

கரையில் ஒருவர்

ஒவ்வொரு கூட்டத்திலும் கரையைவிட்டு நகராதவர் ஒருவர் இருப்பார். ஒரு குடும்பத்தோடு வந்த தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பணியாரத் தூக்கைப் பக்கத்தில் வைத்து, ஈர மணலில் காலை நீட்டிவிட்டார். படகில் இடம் இருக்கிறது, சும்மா உட்கார்ந்து வாருங்கள் என்று நான் எவ்வளவோ கூப்பிட்டேன். கடலைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "நீங்க விழுந்து எந்திரிச்சு வாங்க, திரும்பி வர்றவகளுக்குப் பசிக்கும்ல, ஒரு ஆளு கரையில வேணும்."

இன்னும் கொஞ்ச நேரம்

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் நர்ஸ் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி, பெயர் ஜோதி, முந்தின நாள் ராத்திரி டியூட்டி முடித்து நேராக வேனில் ஏறியவள். நல்ல தூரம் நின்று வந்தாள். பிறகு விழுந்தாள். கையைத் தூக்கிக் காட்டினாள்; விழுந்தவர் கையைத் தூக்கினால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். நான் படகைத் திருப்பி, கிட்டே போனதும் இன்ஜினை அணைத்தேன்.

அவள் படகைப் பிடிக்கவில்லை. லைஃப் ஜாக்கெட் தாங்க மல்லாந்து படுத்துவிட்டாள். பலகையின் முனை மட்டும் காலுக்கு மேலே தெரிந்தது. தண்ணீருக்கு அடியில் கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. ஊசி மாதிரி சின்ன மீன்கள் அவள் நிழலுக்குள் வந்து நின்றன. தூரத்தில் ஒரு வள்ளம் இருந்தது, அது போகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. படகில் இருந்தவர்களில் ஒருத்தி செல்வி தோளில் சாய்ந்து தூங்கியே போனாள்.

எவ்வளவு நேரம் அப்படி மிதந்தோம் என்று தெரியவில்லை. வெயில் ஏறத் தொடங்கியதும் எனக்குக் கவலை வந்தது. "சிஸ்டர், கிளம்பலாமா?" என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அண்ணே, அங்க பகலும் ராவும் யாராவது சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காக, நீங்களாச்சும் கொஞ்ச நேரம் கூப்பிடாம இருங்க."

அண்ணனும் தம்பியும்

ஒரு நாள் செல்விக்குக் காய்ச்சல், வரவில்லை. வந்தது ஒரே வீட்டு அண்ணன் தம்பி குடும்பங்கள். அவர்கள் அப்பச்சி, அதாவது அப்பா, காலமான பிறகு, பூர்வீக வீட்டைப் பிரிப்பதில் இருவருக்கும் மனத்தாங்கல். பேச்சு வார்த்தை கிடையாது. பிள்ளைகள் ஒன்றாகப் போக வேண்டும் என்று அடம்பிடித்ததால் வந்திருந்தார்கள். தம்பி சொக்கலிங்கம் முதலில் பலகையை மாட்டிக்கொண்டார். பின்னால் பார்த்துச் சொல்ல வளர்ந்த ஆள் ஒருவர் இல்லாமல் நான் படகை எடுக்க மாட்டேன். இருவர் மனைவிமாரும் சிறுபிள்ளைகளோடு கரையில் நின்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தது அண்ணன் அண்ணாமலை மட்டும்தான். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தம்பி கட்டைவிரலை மேலே காட்டினால், "அதுக்கு வேகம் வேணுமாம்" என்பார். கீழே காட்டினால், "அதுக்குப் பயமா இருக்காம்" என்பார். பெயரைச் சொல்லவே இல்லை.

காற்று எழும் நேரம். ஒரு திருப்பத்தில் பலகை முனை தண்ணீரில் குத்தி, தம்பி தலைகீழாக விழுந்தார். கை மேலே வரவில்லை. நான் படகைத் திருப்புவதற்குள், "டேய் சொக்கு!" என்று ஒரு சத்தம்; படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் குதித்துவிட்டார். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன், கால் உதறியபடி நீந்திப் போய்த் தம்பியின் ஜாக்கெட் கழுத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தார். தம்பிக்கு ஒன்றுமில்லை. தண்ணீரைக் குடித்து இருமிக்கொண்டிருந்ததில் கையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் இரண்டு பேரும் ஒரே ஜாக்கெட்டைப் பிடித்தபடி அலையில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன், தம்பியின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று. வீட்டு விஷயம் அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இருமல் அடங்கியதும் தம்பி சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "அண்ணே, ஊரணியில ஒங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்ததே நாந்தானே, என்னையக் காப்பாத்தவா குதிச்சீக?"

செல்வி

கோவிலூர்ப் பக்கத்துப் பெண் அவள். கல்யாணத்துக்கு முன்பு கடலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அத்தனை பேர் எழுவதையும் விழுவதையும் பார்த்திருக்கிறாள், தான் இறங்க வேண்டும் என்று கேட்டதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. நானும் அவளும் என் தங்கை கவிதாவும் மட்டும். கடல் மூச்சுவிடாமல் கிடந்தது. வீட்டுக்குத் திரும்பலாம் என்று நினைத்தேன். செல்வி ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினாள். "இன்னைக்குக் கவிதா பாக்கட்டும், நான் நிக்கிறேன்" என்றாள்.

ஊரில் உள்ளவர்களை எல்லாம் இழுத்தவன் நான், அன்றைக்குக் கயிற்று முடிச்சை மூன்று தடவை சரிபார்த்தேன். அவள் விழுந்தாள். மறுபடி விழுந்தாள். கண் சிவந்துவிட்டது. "போதும் செல்வி, இன்னொரு நாள் பாக்கலாம்" என்றேன். "கயித்தைப் போடுங்க" என்றாள். கவிதாவும் போடச் சொன்னாள்.

பின்னால் ஆள் எழுந்ததும் படகுக்குத் தெரிந்துவிடும். அதுவரை முக்கிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று இலகுவாகப் பாடும். அந்தச் சத்தம் மாறியது. கவிதா "அண்ணி!" என்று கத்தினாள். முன்னால் பார்த்து ஓட்ட வேண்டியவன் நான், ஒரு தடவை திரும்பிவிட்டேன். வெள்ளித் தகடு மாதிரி தண்ணீர்; அதன்மேல் செல்வி. யாரையும் பார்க்காமல், எங்கேயோ பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை. கரையோரம் போய் இன்ஜினை அணைத்ததும் தண்ணீரில் மெல்ல அமிழ்ந்து, பலகையோடு மிதந்தபடி, கோபமா சிரிப்பா என்று தெரியாத குரலில் என்னிடம் சொன்னாள்: "லீவு கெடச்சும் அத்தனை வருசம் துபாய விட்டு நீங்க ஏன் ஊருக்கு வரலைன்னு இப்பத்தான்யா தெரியுது."

இத்தனை பேரை இழுத்துப் பார்த்ததில் நான் கண்டது ஒன்றுதான்: கடலுக்குள் போன எல்லாரும் பத்திரமாகக் கரையேறி வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள், ஆனால் திங்கட்கிழமை காலை வேலைக்கு மட்டும் யாருமே முழுசாகப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.